கொசுவத்தைப் பிடித்த கை

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் இரண்டு காலையும் நேராக ஊன்றி நடக்கின்றன. இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. எனக்கு ஒரு கால்தான் நேர்.

டெங்கில் ஊருக்குப் பக்கத்தில் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவள் நான். ஜெபப் புத்தகத்தை விரல் வைத்துப் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. இந்த நோட்டில் ஒரு பக்கம் நிரம்ப ஒரு காலைப்பொழுது ஆகிவிடுகிறது. ஆகட்டும். பண்டமாரானில் மகள் வீட்டில் எனக்கு என்ன அவசரம்? மகள் சமைக்கிறாள், நான் குறை சொல்கிறேன். அவரவர் வேலை அவரவருக்கு.

இடது கால் மூன்று வயதில் போலியோ வந்து மெலிந்த கால். தொடையின் முன்பக்கத்துச் சதை போய்விட்டது. அந்தச் சதைதான் முழங்காலை மடங்காமல் பிடித்துக்கொள்ளுமாம். டாக்டர்கள் பின்னால் சொன்னார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்பே என் கைக்கு அது தெரியும். இடது காலை ஊன்றும்போதெல்லாம் இடது கையால் தொடையை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் முழங்கால் குடை மடங்குகிற மாதிரி மடங்கிவிடும்.

பள்ளிக்குப் போகிற வயதில் தொடையில் கை வைத்துத்தான் போவேன். தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகள் சும்மா விடுமா? "டேய், குஸ்திக்காரி வர்றாடா! தொடைய தட்டுறா பாரு, ஓடுங்கடா!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் அழமாட்டேன். கல்லை எடுப்பேன். குறி தப்பாது. கால்தான் இப்படி, கை நல்ல கை.

சேலை கட்டுகிற வயது வந்தபோதுதான் எனக்கு விடிந்தது. மழை பெய்த செம்மண் பாதையில் பெண்கள் எல்லோரும் முன்கொசுவத்தை ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். நானும் பிடித்தேன். மற்றவர்கள் பிடிப்பது சேறு படாமல் இருக்க. நான் பிடிப்பது விழாமல் இருக்க. கொசுவத்துக்குள்ளேயே கை தொடையை அழுத்திக்கொள்ளும், வெளியே பார்த்தால் அடக்கமான பெண். அதற்குப் பிறகு ஒருவரும் என்னைக் குஸ்திக்காரி என்று சொன்னதில்லை.

என்னைப் பெண் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தார்கள். தட்டில் காப்பி கொண்டுவர வேண்டும். தட்டுக்கு இரண்டு கை வேண்டும், எனக்கு இருப்பது ஒன்று. அதனால் ஒவ்வொரு டம்ளராக ஐந்து தடவை உள்ளே போய் வந்தேன். மாமியார் இது என்ன மரியாதை என்று பூரித்துப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்லா. அஞ்சு தடவ உன்ன பாக்கக் கெடச்சிச்சே, சும்மா இருப்போம்னு இருந்துட்டேன்" என்றார்.

ரயில் பட்டறையில் இருந்தவர். ஒன்பது வருஷம் ஆகிறது அவர் போய். அவரைத் தவிர ஒருவருக்கும் அந்தக் கையின் கதையை நான் சொன்னதில்லை. கால் மெலிந்தது எல்லோருக்கும் தெரியும். கை செய்கிற வேலை தெரியாது. நான் பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது.

பிறகு ஒரு டாக்டர் பிள்ளைக்குத் தெரிந்தது. இது அவளைப் பற்றித்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கிள்ளான் பாசாரில், மீன் கடை முன்னால், ஈரத்தில் சறுக்கி விழுந்தேன். கம்போங்கு மீனா கெளுத்தியா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தது நினைவு இருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது என் இடது தொடை போகக்கூடாத திசையில் போயிருந்ததுதான். போலியோ கால் எலும்பு முருங்கைக் குச்சி மாதிரி இருக்கும், சாதாரணமாக ஆணி அடிக்க முடியாது என்று கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர்களைப் படிக்க வைக்கிற ஆஸ்பத்திரி.

ஏற்கெனவே டாக்டரானவர்களே அங்கே மறுபடி படிக்கிறார்கள். எலும்பு டாக்டராவதற்கு மட்டும் இன்னும் நாலு வருஷம். முப்பது வயதைத் தாண்டியவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பெரிய டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பாடம் ஒப்பிக்கிறார்கள். என் கட்டிலுக்கு வந்தவள் தமிழ்ப் பெண், முதல் வருஷம். என் தோள் உயரம்கூட வரமாட்டாள்.

"ஏம்மா, எலும்பு டாக்டர்னா இழுக்கணும், சுத்தியால அடிக்கணும். பொம்பள பிள்ளைக்கு இந்த வேல எதுக்கு? கண்ணு டாக்டரா போயிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவும் இதத்தான் சொல்றாங்க பாட்டி. நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு கட்சி ஆரம்பிங்க."

வாய் நல்ல வாய். எனக்குப் பிடித்துப் போனது.

அவள் பாட்டைப் பார்த்தால் தோட்டத்து வேலை தேவலாம் என்று தோன்றும். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்து ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து, புண்ணைத் திறந்து, மூடி, எழுதி வைப்பாள். பிறகு பெரிய டாக்டர் வருவார். மலாய்க்காரர், குரல் உயராதவர். அவர் கேள்வி கேட்கக் கேட்க இவள் நிமிர்ந்து நின்று பதில் சொல்வாள். தெரியாத கேள்வி வந்தால் அவர் திட்டமாட்டார், சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருக்கும். அவர் போன பிறகு வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து ரொட்டியை எடுத்து இரண்டு கடி கடிப்பாள், அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். மீதி ரொட்டி மறுபடி பைக்குள் போகும். அந்த ரொட்டி எத்தனை நாள் பழையது என்று நான் கேட்டதில்லை.

எனக்கு ஆபரேஷன் செய்தபோது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போக வைத்தார்கள். முழிப்பாகத்தான் இருந்தேன். முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும் வேலை செய்தது. எனக்கு இங்கிலீஷ் பேச வராது, கேட்டால் பாதி விளங்கும். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த பலன். அவள் எட்டாமல் ஒரு முக்காலி கேட்டு வாங்கி அதன் மேல் ஏறி நின்றது தெரிந்தது. எலும்பில் துளை போடுகிற மெஷின் ஓடியது. பெரிய டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். மெதுவாக. இந்தப் பக்க எலும்பு ஒரு சத்தம், நடுவில் ஒரு சத்தம், அந்தப் பக்கம் தொட்டால் வேறு சத்தம். அதைக் கேட்டதும் நிறுத்து. தாண்டிப் போனால் பின்னால் ரத்தக் குழாய்.

எனக்குத்தானே குழாய்? நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மூன்றாவது துளை போடும்போது எனக்கே சத்தம் மாறுவது விளங்கிவிட்டது. 'இப்ப நிறுத்துடி' என்று நான் மனதுக்குள் சொன்னதும் அவள் நிறுத்தியதும் ஒரே நேரம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே படித்தோம்.

மூன்றாம் நாள் என்னை நடக்க வைக்க வேண்டும். நாலு கால் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பிடித்துக்கொண்டு நடக்கிற சட்டம். நான் வலது கையால் சட்டத்தைப் பிடித்து, இடது கையைத் துணி மேல் வைத்தேன்.

"பாட்டி, துணிய விடுங்க. இங்க யாரும் பாக்கல. ரெண்டு கையும் சட்டத்து மேல."

"இல்லம்மா, எனக்கு இப்படித்தான் வசதி."

"விழுந்துருவீங்க பாட்டி. ரெண்டு கை. சொன்னா கேக்கணும்."

அறுபத்தெட்டு வயது வரை ஒருவருக்கும் சொல்லாததை, எட்டுக் கட்டில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயா சொல்வேன்? ரோஷம். இரண்டு கையையும் சட்டத்தின் மேல் வைத்தேன். ஓர் அடி. இடது கால் மடங்கியது. நான் சரிந்தேன். அவள் பாய்ந்து எனக்குக் கீழே வந்துவிட்டாள். அவள் தரையில், நான் அவள் மடியில், சட்டம் எங்கள் இரண்டு பேர் மேலும். ஆணி ஒன்றும் அசையவில்லை. அவள் மணிக்கட்டுதான் வீங்கிப் போனது.

பெரிய டாக்டர் வந்தார். குரல் உயரவில்லை. "நீ எக்ஸ்ரேயைப் பார்த்தாய். விழுவதற்கு முன்னால் இவர் எப்படி நடந்தார் என்று கேட்டாயா?" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்த பிறகு மணிக்கட்டில் கட்டோடு வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையை இழுத்து மூடினாள்.

"பாட்டி, மன்னிச்சிருங்க. முன்னால எப்படி நடப்பீங்க? எனக்குக் காட்டுங்க."

காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. திரையை மூடிவிட்டுக் கேட்டாள் அல்லவா, அதற்காக இருக்கலாம். கையை எங்கே வைப்பேன், எப்போது அழுத்துவேன், கொசுவத்தை எப்படிச் சேர்த்துப் பிடிப்பேன், எல்லாம். காப்பி டம்ளர் கதையும் சொன்னேன். சிரித்தாள். பிறகு என் கையின் மேல் தன் கையை வைத்து, எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்துகிறேன் என்று நாலைந்து தடவை பார்த்தாள்.

"புஸ்தகத்துல படிச்சிருக்கேன் பாட்டி. ஆனா சேலைக்குள்ள ஒளிச்சு வெச்சா எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதானே ஒளிச்சேன்."

மறுநாள் சட்டம் போய் ஒரு கம்பு வந்தது. வலது கையில் கம்பு, இடது கையில் கொசுவம். இன்றுவரை அப்படித்தான்.

இப்போது பரீட்சை கதைக்கு வருகிறேன். இந்த எலும்பு டாக்டர்களுக்குக் கடைசி வருஷத்தில் ஒரு பரீட்சை. அதற்குத் தாளும் பேனாவும் மட்டும் போதாது, நோயாளியும் வேண்டும். உண்மையான நோயாளிகளை ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் உட்கார வைப்பார்கள். மணி அடித்தால் படிக்கிற டாக்டர் உள்ளே வந்து, பார்த்து, தொட்டு, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் அட்டையோடு நின்று மார்க் போடுவார்கள். போலியோ கால் இந்தக் காலத்தில் பார்க்கக் கிடைக்காதாம். அதனால் பெரிய டாக்டரே என்னிடம் வந்து கேட்டார். மூன்றாம் வகுப்பில் நின்றவளைப் பரீட்சைக்கு அழைத்தால் விடுவேனா?

நடந்து காட்ட அரைச் சிலுவார், அதுதான் அரைக்கால் சட்டை, போட வேண்டும் என்றார்கள். எழுந்து கம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பெரிய டாக்டர் சிரித்துவிட்டு, "சேலையிலேயே நடக்கட்டும். சேலைக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்காவிட்டால் அது பரீட்சை எழுதுகிறவன் பாடு" என்றார். கட்டிலில் படுத்த பிறகு முழங்கால் வரை விலக்கிப் பார்க்கலாம், அதற்கு மேல் துண்டு. இது என் சட்டம்.

கெடுபிடி நிறைய உண்டு. போலியோ என்ற வார்த்தை என் வாயில் வரக் கூடாது. தலையாட்டக் கூடாது. தெரிந்த டாக்டர் வந்தால் சொல்லிவிட வேண்டும். தெரிந்த நோயாளி என்றால் அந்த டாக்டரும் சொல்லிவிட வேண்டும், வேறு ஆளைக் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு வருஷமும் மெலிந்த காலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கையை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கம்பைப் பார்த்துவிட்டால் மறு கையைப் பார்ப்பதில்லை. ஒருவன் பெரியவர்களிடம் நான் கூச்ச சுபாவம் உள்ள அம்மாள் என்று இங்கிலீஷில் சொன்னான். நான் கூச்ச சுபாவம்! என் மகள் கேட்டிருந்தால் அங்கேயே விழுந்து சிரித்திருப்பாள்.

அங்கே எனக்கு ஒரு கூட்டாளி. தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டி ஓய்ந்த சீனக் கிழவர். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். சின்ன வயதில் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து முழங்கை கோணிப்போனது. அந்தக் கோணல் அறுபது வருஷமாக நரம்பை இழுத்து இழுத்து, இப்போது வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்கிவிட்டன. பரீட்சைக்கு வருகிறவர்கள் விரலையே பார்த்துக்கொண்டு முழங்கையை மறந்துவிடுவார்களாம். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

முடிந்ததும் எங்களை ஓர் அறையில் உட்கார வைத்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் மைலோவும் கொடுப்பார்கள். அங்கே நாங்கள் இரண்டு பேரும் எங்கள் மார்க்கைப் போடுவோம். தொடுவதற்கு முன்னால் கையைச் சூடு பண்ணிக்கொண்டானா? துண்டை மறுபடி மூடினானா? போகும்போது ஒரு நன்றி சொன்னானா? கிழவர் விரலால் மார்க்கு காட்டுவார். அஞ்சு, ஆறு. ரொம்பப் பிடித்தால் எட்டு. அதற்கு மேல் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

"என்னா கஞ்சத்தனம் உங்களுக்கு?" என்று கேட்டேன் ஒரு வருஷம்.

"அக்கா, அவனுங்க பாக்கறது எலும்ப மட்டும். எலும்புக்கு எட்டு போதும்லா."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளினிக்குக்குப் போனபோது, அந்தப் பிள்ளையைக் காணவில்லையே என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் விசாரித்தேன்.

"பரீட்ச போயிருச்சு பாட்டி. அடுத்த தடவ எழுதறா. அதுவும் போனா படிப்ப விட்டுட்டுப் போயிருவேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா."

என் காலில் துளை போட்ட பிள்ளை. எனக்குக் கீழே பாய்ந்த பிள்ளை. அன்றிலிருந்து ஜெபமாலையில் பத்து மணியை அவளுக்கென்று ஒதுக்கினேன். ஒருநாள் விடவில்லை. என் சொந்த மகன் லைசென்சுக்குப் போனபோதுகூட மூன்று மணியோடு நிறுத்தியவள் நான்.

பரீட்சை நாள் வந்தது. கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் மகளோடு போனேன். அரக்குக் கரைச் சேலை. என் தடுப்புக்குள் இரண்டு பெரியவர்கள் நின்றார்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள், எங்கள் பெரிய டாக்டர் இல்லை. ஓர் உயரமான மனிதர், தலையில் தூடோங் முக்காடு கட்டிய ஓர் அம்மாள். முதலில் ஒரு பையன் வந்து போனான். மணி அடித்தது. திரை விலகியது. அவள்.

முன்பைவிட இளைத்திருந்தாள். நெற்றியோரம் நரை. என்னைப் பார்த்தாள்.

"வணக்கம் ஆன்டி. நான் உங்க கால பாக்கலாமா?"

ஆன்டியாம்! எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷத்தில் எத்தனை நூறு கிழவிகளைப் பார்த்திருப்பாள், மறப்பது இயற்கைதான் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது தோன்றியது வேறு. தினமும் பத்து மணி உனக்கு உருட்டுகிறேனே, என் முகம் உனக்குத் தெரியவில்லையா? நான் சொல்லியிருக்க வேண்டும், சட்டம் அதுதான். வாய் வரவில்லை. அவளுக்கு என்னைத் தெரியாதபோது எனக்கு மட்டும் அவளைத் தெரிந்து என்ன செய்ய? அது ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. இவள் கண்டுபிடித்துவிடுவாள், தேறிவிடுவாள் என்று ஓர் ஆசை.

"எந்திரிச்சுக் கொஞ்சம் நடந்து காட்டறீங்களா?"

எழுந்தேன். வலது கையில் கம்பு. இடது கையால் கொசுவத்தைப் பிடித்தேன். கையைக் கொஞ்சம் தூக்கி அழுத்தியிருந்தால் குருடனுக்கும் தெரிந்திருக்கும். மாட்டேன். எல்லோருக்கும் எப்படி நடந்தேனோ அப்படியே நடந்தேன். முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் என் மூன்றாவது அடியில் இடம் மாறினாள். என் இடது பக்கம் வந்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு கையையும் பாதி நீட்டி நின்றாள். விழுகிறவளைப் பிடிக்கிற நிற்பு. அவள் கண் என் கையில் இருந்தது. பிறகுதான் முகத்துக்கு வந்தது.

முகத்தை மறந்திருக்கிறாள். கையை மறக்கவில்லை.

அவள் கழுத்தில் நாடி துடிப்பதை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும், விடை கையில் இருந்தது. அவள் திரும்பி அந்தப் பெரியவர்களிடம் இங்கிலீஷில் சொன்னாள். இவரை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், முதல் வருஷத்தில் பார்த்த நோயாளியாக இருக்கலாம், நடக்கும் வரை அடையாளம் தெரியவில்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தூடோங் கட்டிய அம்மாள் என் பக்கம் குனிந்து மலாயில் கேட்டார். "ஆன்டி, இந்த டாக்டரைத் தெரியுமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் என் காலிலேயே பரீட்சையை முடித்துக்கொண்டு போயிருப்பாள். ஐந்து வருஷத்தில் கையைக் கண்ட ஒரே ஆள். உண்மைக்குப் பயந்து சொன்னேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் என்னைத் தெரிந்துகொண்ட ஒருத்தியை எனக்குத் தெரியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை.

"கெனால்" என்றேன். தெரியும். "என்னோடு சேர்ந்து கீழே விழுந்தவள் இவள்தான்."

பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. என் கம்பை ஒரு பக்கம் பிடித்து, என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, சேலை ஓரத்தைக் கணுக்கால் வரை இழுத்து விட்டாள். உயரமானவர் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். திரை மூடியது.

அதற்கப்புறம் வந்த இரண்டு பேர் என்ன செய்தார்கள் என்று எனக்கு நினைவு இல்லை. ஒருவன் சேலை நீளம், தடுக்கும், குட்டையாகக் கட்டுங்கள் என்றான். சரி என்றேன். என் நினைப்பெல்லாம் அவள் மேல். பாதியில் கூட்டிக்கொண்டு போனால் படித்தது நினைவுக்கு வருமா? தெரியாத ஆள், புதுக் கோளாறு. முதலிலேயே சொல்லியிருந்தால் அவளைப் பதற வைக்காமல் மாற்றியிருப்பார்களே. என் ரோஷம் அவள் ஐந்து வருஷத்தைத் தின்றுவிட்டதோ?

பொட்டலம் கொடுக்கிற அறையில் உட்கார்ந்திருந்தேன். மகள் பிரித்துக் கொடுத்தாள். சம்பல் வாசனை வந்தது. சாப்பிட முடியவில்லை.

"என்னாம்மா, சம்பல்ல குறை ஒண்ணும் சொல்லலியா? ஒடம்புக்கு முடியலயா?" என்று மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சீனக் கிழவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். உட்கார்ந்தார். மைலோவைக் குடித்தார். இந்த மனிதருக்கு அவசரமே கிடையாது.

"அக்கா, ஒரு குட்டப் பொண்ணு. நம்ம ஆளு. நடுவுல கூட்டிட்டு வந்தானுங்க. மூஞ்சி செத்துப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. கண்ண மூடிட்டு ரெண்டு தடவ மூச்சு விட்டா. கைய கைய தேச்சு சூடு பண்ணா. என் வெரல பாத்தா. எல்லாரும் வெரல பாப்பானுங்க. இவ பாத்துட்டு கேட்டா, அங்கிள், வெரல் மடங்கறதுக்கு முன்னால இந்தக் கை எப்படி இருந்துச்சுன்னு. கேட்டுட்டு நேரா முழங்கைக்குப் போயிட்டா. சட்டைய மேல ஏத்தி, ரெண்டு கையும் சேத்து வெச்சுப் பாத்தா."

"மார்க்கு எவ்ளோ? அத சொல்லுங்க."

அவர் மைலோவைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் தூக்கி எல்லா விரலையும் விரித்தார். எண்ணினேன்.

"எட்டுதானா?" என்றேன்.

"பத்துலா அக்கா! பத்து! ரெண்டு மடங்கிப் போச்சு, நீட்ட முடியல, நீயே சேத்துக்கோ!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷம் அவர் கொடுத்த எட்டெல்லாம் எட்டுதானா, பத்தா? கேட்டேன்.

"அதெல்லாம் எட்டுதான்" என்றார்.

அவர் மார்க்கு போட்டால் போதாது, பெரியவர்கள் போட வேண்டும். முடிவு சொல்லச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். மகள் ரயிலுக்கு நேரமாகிறது என்றாள். நீ போ என்றேன். முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிழவரும் தன் மகன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. "நான் பத்து போட்டிருக்கேன், பாத்துட்டுத்தான் வருவேன்" என்றார். அறையைக் கூட்டுகிற பெண் எங்கள் காலைத் தூக்கச் சொல்லிக் கூட்டினாள். என் இடது காலைக் கையால் தூக்கி வைத்தேன். ஜெபமாலை எத்தனை சுற்று போனது என்று எண்ணவில்லை.

கதவு திறந்தது. அவள்தான். வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். நேராக வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், அன்று விழுந்தபோது உட்கார்ந்த மாதிரியே.

"பாட்டி, பல்லு வெச்சிட்டீங்க! கண்ணாடி வேற! அதான் எனக்கு அடையாளமே தெரியல. அப்ப உங்களுக்கு ஒரு பல்லும் இல்ல."

"பல்ல வுடு. என்னாச்சு?"

"பாஸ் பாட்டி."

"சேசு மரி சூசையே" என்றேன். கிழவர் இரண்டு கையையும் மறுபடி விரித்துக் காட்டினார். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அவளும் பதிலுக்குப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்மா. சொல்லாம ஒன்ன அலைய வெச்சிட்டேன்."

"நான் மட்டும்? ஒங்க முகத்த மறந்துட்டேனே பாட்டி. சரியாப் போச்சு, வுடுங்க."

என் பொட்டலம் ஆறிக் கிடந்தது. அவளிடம் கொடுத்தேன். முழுதாகச் சாப்பிட்டாள், ஒரு பருக்கை விடாமல். நடுவில் யாரும் கூப்பிடவில்லை. நான் அவள் முழுச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்த்தது அன்றுதான்.

இது போன வருஷத்துக் கதை. இப்போது அவள் ஜொகூர் பக்கம் எலும்பு டாக்டராக இருக்கிறாள். பெருநாளுக்குப் போன் போட்டாள். இந்த வருஷமும் என்னைப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"பாட்டி, கைய தூக்கிக் கீக்கி காட்டிறாதீங்க. அவங்க மட்டும் சுலபமா பாஸாகவா? நல்லா முழிக்கட்டும்" என்றாள்.

நான் எங்கே காட்டப்போகிறேன்? ஆனால் இந்த நோட்டில் எழுதிவிட்டேன். என் பிள்ளைகளுக்கு இனிமேல் தெரியட்டும். மகள் படித்தால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று சண்டைக்கு வருவாள். வரட்டும். நான் இல்லாத பிறகு சண்டை போட ஆளுக்கு எங்கே போவாள்?

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள், செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. வாம்மா இங்க. மொதல்ல சட்டைய மாத்து, சோறு சாப்பிடு. அப்புறம் வந்து அம்மாச்சிக்கு இத சத்தமா படிச்சுக் காட்டு. தப்பு இருந்தா இருக்கட்டும், திருத்தாத. அந்தச் சீனத் தாத்தா வெரல விரிக்கிற எடம் வரும் பாரு, அங்க மட்டும் மெதுவா படி. எனக்கு இன்னொரு தரம் எண்ணிப் பாக்கணும்.